கணக்கில் சேராத ஆண்டுகள்

2025ஆம் ஆண்டு வைகாசித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். படலை திறக்கும் ஓசை கேட்டு நிமிர்ந்தபோது, எம்மூர்க் கமக்காரர் ஒருவர் தமது துவிச்சக்கர வண்டியை வேலிக் கதியாலோடு சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். ஒரு கையில் கைப்பேசி. மறு கையில் நான்காய் மடித்த ஒரு பழைய கொப்பி. அவருடைய மகன் எம்மிடம் உயர்தர வகுப்பிற் பயின்றவன். பல்கலைக்கழகத்துக்குச் சில புள்ளிகளால் இடம் தவறிப்போய், 2019ஆம் ஆண்டில் யப்பானுக்கு முதியோர் பராமரிப்பு வேலைக்குச் சென்றவன். சென்ற காலத்தில் அவனுக்கு ஒரு வயதுப் பெண் குழந்தை இருந்தது.

“மாஸ்ரர், பெடியன் கடிதம் எழுதியிருக்கிறான். வாசிச்சன்; விளங்கேல்லை. இல்லாட்டில் நான் விளங்கினது பிழையாய் இருக்கோணும்” என்றார் பெரியவர்.

கடிதத்தின் படத்தைக் கைப்பேசியிற் காட்டினார். தெளிவான கடிதமே. பரீட்சையொன்றிற் சித்தியடைந்தான் என்றும், அதன் பயனாக வதிவிட அட்டை வேறு வகைக்கு மாறிவிட்டது என்றும், இனி மனைவியையும் பிள்ளையையும் அழைக்கலாம் என்றும், நிரந்தர வதிவிட உரிமைக்கு விண்ணப்பிக்க “இன்றிலிருந்து இன்னும் ஐந்து ஆண்டு” வேண்டும் என்றும் எழுதியிருந்தான்.

கடைசிச் செய்தியே பெரியவரை எம் வீட்டுக்குக் கொணர்ந்தது. மடித்த கொப்பியை விரித்தார். மகன் புறப்பட்ட நாளிலிருந்து ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தார். “அனுப்பினவன் அஞ்சு வருசத்திலை நிரந்தரம் எண்டுதான் சொன்னவன். ஆறு வருசம் முடிஞ்சுது. இப்ப இன்னும் அஞ்சு எண்டுறான். அங்கை வேறை ஏதும்…” என்று தொடங்கியவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்காத அந்த வாக்கியத்தின் பொருள் எமக்கு விளங்கிற்று. மருமகளின் தாலிக்கொடி தவிர்ந்த நகையெல்லாம் முகவர் கட்டணத்துக்காக அடகு போன வீடு அது. மகன் அங்கே வேறொரு குடும்பம் கண்டுவிட்டானோ என்ற ஐயம் அவர் நெஞ்சில் முளைத்திருந்தது.

மகன் எழுதியது முற்றும் உண்மை. ஆறு ஆண்டுகள் உழைத்தபின்னரும் ஐந்து ஆண்டுகள் எஞ்சி நிற்பது அவன் சூழ்ச்சியன்று. அந்நாட்டுச் சட்டத்தின் கணக்கு. அந்தக் கணக்கைப் பெரியவருக்கு விளக்கியவாறே இங்கும் எழுதுகின்றோம். எம் வகுப்புகளிலேயே யப்பானிய மொழி படிக்கத் தொடங்கியிருக்கும் மாணவர் பலர் உளர். அவர்களுடைய பெற்றோரிடமும் இத்தகைய கொப்பிகள் இனித் தோன்றக்கூடும். இந்தக் கதையில் எமக்கும் ஒரு பங்குண்டு. அதைப் பின்னர் சொல்லுவோம்.

யப்பானில் முதியோர் தொகை மிகுந்து உழைப்போர் தொகை குறைந்து வருவதை யாவரும் அறிவர். 65 வயதைக் கடந்தோர் அந்நாட்டு மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேர். குடியேற்றத்தை விரும்பாத நாடு என்று பெயர் பெற்ற அந்நாட்டில், 2024ஆம் ஆண்டின் முடிவில் வாழ்ந்த பிறநாட்டினர் தொகை 37 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆயினும் வாயிலை ஒரேயடியாக அகலத் திறக்க அந்நாடு விரும்பவில்லை. சிறு சிறு வாயில்களாகப் பலவற்றை அமைத்தது. எந்த வாயிலால் நுழைந்தான் என்பதே ஒருவனுடைய பிற்கால உரிமைகளைத் தீர்மானிக்கின்றது.

எம் மாணவன் நுழைந்த வாயில் ‘தொழில்நுட்பப் பயிற்சியாளர்’ என்னும் வாயில். இம்முறை 1993ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. வளர்ந்துவரும் நாடுகளின் இளைஞர் யப்பானிலே திறனைக் கற்றுத் தம் நாட்டுக்குக் கொண்டு செல்லுதலே இதன் நோக்கமெனச் சட்டம் கூறும். உண்மையில், ஆளில்லாத தொழிற்சாலைகளும் பண்ணைகளும் கட்டட வேலைத்தலங்களும் இவர்களாலேயே இயங்கின என்பது அந்நாட்டார் பலரே ஒப்புக்கொண்ட செய்தி. முதியோர் பராமரிப்பு இம்முறையிற் சேர்க்கப்பட்டது 2017ஆம் ஆண்டின் இறுதியில். குடும்பத்தை அழைக்க முடியாது. விரும்பியபடி முதலாளியை மாற்ற முடியாது. கூடியது ஐந்து ஆண்டு. இம்முறை பல குறைகளுக்கு இடமளித்ததால், இதனை நீக்கி வேறொரு முறையை 2027ஆம் ஆண்டளவில் நடைமுறைக்குக் கொணரும் சட்டம் 2024இல் நிறைவேறியது.

இரண்டாவது வாயில் 2019ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாந் தேதி திறக்கப்பட்டது. ‘தொக்குத்தேய் கினோ’ என்பது அதன் யப்பானியப் பெயர். ‘குறித்த திறனாளர்’ என நாம் கூறலாம். இதில் இரு படிகள் உள. முதற்படியிற் சேர ஒரு தொழிற்றிறன் பரீட்சையும், அன்றாட உரையாடலுக்குப் போதிய யப்பானிய மொழிப் பரீட்சையும் தேறவேண்டும். பராமரிப்புத் துறைக்கு அத்துறைக்குரிய மொழிப் பரீட்சை ஒன்று மேலதிகமாக உண்டு. பயிற்சியாளராக மூன்றாண்டைச் செவ்வனே முடித்தவருக்கு அதே துறையில் இப்பரீட்சைகள் வேண்டா. முதற்படியில் பொதுவாக மொத்தம் ஐந்து ஆண்டே தங்கலாம். குடும்பத்தை அழைக்க முடியாது. இரண்டாம் படிக்கு ஏறியவரோ அட்டையை மேன்மேலும் புதுப்பித்துக்கொண்டு மனைவி மக்களோடு வாழலாம். இத்துறைகளுக்குத் தொழிலாளரை அனுப்புவதற்கு 2019ஆம் ஆண்டிலேயே இலங்கையும் யப்பானும் உடன்பாடு செய்துகொண்டன.

முதியோர் பராமரிப்புக்கு மட்டும் அந்த இரண்டாம் படி இல்லை. காரணம், அத்துறைக்கெனத் தனியாக ‘கைகோ’ என்னும் வதிவிட வகை 2017ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டிருந்தமையாகும். ‘கைகோ’ என்றால் பராமரிப்பு. அதைப் பெறுவதற்கு அந்நாட்டுப் பிள்ளைகள் எழுதும் அதே தேசியப் பரீட்சையை எழுதித் தேறவேண்டும். ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறும். 125 வினாக்கள். பிறநாட்டார் விரும்பினாற் சீன எழுத்துகளின்மேல் ஒலிக்குறி இட்ட வினாத்தாள் கொடுப்பர். அதற்குமேற் சலுகை பெரிதாக இல்லை. வேலை செய்துகொண்டே எழுதுவதானால் மூன்றாண்டு அனுபவமும், அதற்கென அமைந்த ஒரு பயிற்சி நெறியும் வேண்டும்.

எம் மாணவன் 2022இல் பயிற்சியாளர் நிலையை முடித்து முதற்படித் திறனாளனாக மாறினான். இரவு வேலை முடிந்து வந்து, உடல் உறுப்புகளின் பெயர்களையும் நோய்களின் பெயர்களையும் சீன எழுத்தில் எழுதி எழுதி மனனஞ் செய்தான். 2025 ஜனவரியில் எழுதினான். மார்ச்சில் முடிவு வந்தது. ஏப்ரலில் ‘கைகோ’ அட்டை கைக்கு வந்தது. வகுப்பில் தாவரவியற் பெயர்களைப் பாடமாக்கச் சொன்னால் ஆயிரம் சாட்டுச் சொல்லுகிறவன் இவன் என்பதையும் இவ்விடத்திற் சொல்லாமலிருக்க முடியவில்லை.

இனி, கணக்கு. நிரந்தர வதிவிடத்துக்கு அந்நாட்டுக் குடிவரவுச் சட்டம் மூன்று நிபந்தனைகளை விதிக்கின்றது. நன்னடத்தை உடையவராதல் வேண்டும். தம் உழைப்பாலோ உடைமையாலோ தாமே வாழ வல்லவராதல் வேண்டும். அவர் தங்குதல் யப்பானின் நலனுக்கு இசைந்ததாதல் வேண்டும். மூன்றாவது நிபந்தனை வானத்தைப்போல் விரிந்தது. ஆதலால் குடிவரவு நிருவாகம் அதனை ஒரு வழிகாட்டியில் விரித்துரைக்கின்றது. அதன் முதல் விதி, பொதுவாகப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து அந்நாட்டிலே வதிந்திருக்கவேண்டும் என்பது. அதனோடு ஒட்டிய நிபந்தனை, அந்தப் பத்தில் ஐந்து ஆண்டுகளேனும் தொழில் புரியும் தகுதியோடு தொடர்ந்து வதிந்திருக்கவேண்டும் என்பது. அதனுள்ளே, அடைப்புக்குறிக்குள், இன்னொரு சிறு வாசகம் உண்டு: பயிற்சியாளராக இருந்த காலமும், குறித்த திறனாளர் முதற்படியில் இருந்த காலமும் அந்த ஐந்தில் சேரமாட்டா.

எம்மூர்ப் பெரியவரை ஏமாற்றியது இந்த அடைப்புக்குறிதான். அவர் மகன் 2019 முதல் 2025 வரை உழைத்த ஆறு ஆண்டுகளும் பத்தாண்டுக் கணக்கிற் சேரும். ஐந்தாண்டுக் கணக்கிற் சேரா. 2029இல் அவனுக்குப் பத்து ஆண்டு நிறையும். ஆனால் ‘கைகோ’ தகுதியில் ஐந்து ஆண்டு நிறைவது 2030 ஏப்ரலில். இரண்டுள் பிந்தியதே விண்ணப்பிக்கும் நாள். ஆகவே பதினோராம் ஆண்டிலேதான் அவன் விண்ணப்பத் தாளைத் தொடலாம். பரீட்சையில் தேறியிராவிட்டால் முதற்படியின் ஐந்தாண்டு முடிந்ததும் ஊர் திரும்பவே நேர்ந்திருக்கும். ‘ஐந்து ஆண்டில் நிரந்தரம்’ என்று சொல்லி அனுப்பியவர் ஐந்து என்ற எண்ணைச் சரியாகவே சொன்னார். எந்த ஐந்து என்பதை மட்டும் சொல்லவில்லை.

இந்த விலக்குக்கு அரசு கூறும் நியாயம், காகித அளவிலாவது, முரணின்றி நிற்கின்றது. பயிற்சியாளர் கற்றுக்கொண்டு திரும்பவேண்டியவர். முதற்படித் திறனாளர் ஐந்து ஆண்டுக்கென்றே வந்தவர். திரும்புவதற்கென வந்தவருடைய ஆண்டுகளைக் குடியமர்வுக்கு எவ்வாறு கணக்கிடுவது என்பது அவர்கள் கேள்வி. ஆனால் அதே ஆண்டுகளில் வரி அறவிடப்பட்டது. ஓய்வூதியப் பணம் அறவிடப்பட்டது. படுக்கையிற் கிடந்த முதியவர்களுக்குச் சோறு ஊட்டப்பட்டது. வரி அறவிடும் கணக்கில் முழு ஆண்டாகவும் உரிமைக் கணக்கில் வெற்று ஆண்டாகவும் ஒரே ஆண்டு நிற்பது எமக்கு ஒவ்வவில்லை.

இதற்கு எதிர்ப்புறத்தையும் மாணவர்கள் அறிந்திருக்கவேண்டும். 2012ஆம் ஆண்டு முதல் ‘உயர்திறனாளர்’ என்பாருக்குப் புள்ளி முறையொன்று உண்டு. முதுமாணிப் பட்டத்துக்கு 20. வயது 29க்கு மேற்படாதிருந்தால் 15. யப்பானிய மொழியில் மிக உயர்ந்த தரத்தைத் தேறியிருந்தால் 15. யப்பானியப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றிருந்தால் 10. ஆண்டுச் சம்பளம் 50 இலட்சம் யென்னாயின் இளைஞருக்கு 15. கூட்டினால் 75. 70 புள்ளி பெற்று மூன்று ஆண்டு வதிந்தவர் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். 80 புள்ளியாயின் ஓராண்டே போதும். முதியவர் ஒருவரை இரவில் நான்கு முறை புரட்டிப் படுக்கவைப்பவனுக்கு இந்தப் புள்ளி அட்டவணையிலே வரி இல்லை. ஆதலின், அந்நாட்டுக்குப் போக எண்ணும் மாணவர், போவதற்கு முன்னரே எந்த வாயில் எங்கே கொண்டுசெல்லும் என்று பார்த்தல் நன்று. சுருங்கிய வழியாகத் தோன்றுவது சில வேளை நெடுவழி.

நிற்க. ஆண்டு நிறைந்தால் மட்டும் போதாது. பெரியவர் கொப்பியின் அடுத்த பக்கத்தில் நாம் எழுதிக் கொடுத்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லுகின்றோம். தொழில் தகுதியில் உள்ளவர் விண்ணப்பிக்கும்போது இறுதி ஐந்து ஆண்டுக்கான குடியிருப்பு வரிச் சான்றிதழும், இறுதி இரண்டு ஆண்டுக்கான ஓய்வூதியம், மருத்துவக் காப்புறுதி ஆகியவற்றின் சான்றும் கேட்கப்படும். செலுத்தினாரா என்பதோடு, உரிய தவணைக்குள் செலுத்தினாரா என்பதும் பார்க்கப்படும். நிலுவையை விண்ணப்பத்துக்கு முதல் நாள் ஓடிச்சென்று கட்டினாலும் அது நன்மதிப்பைத் தராது. சம்பளத்திலேயே கழித்துக்கொள்ளும் முதலாளியிடம் வேலை செய்வோருக்குக் கவலை குறைவு. ஆபத்து, ஒரு வேலையை விட்டு மற்றொன்றிற் சேரும் இடைவெளியில். அந்த இரண்டொரு திங்களுக்குரிய காப்புறுதியையும் ஓய்வூதியத்தையும் நகரசபைக்குச் சென்று தாமே பதிந்து செலுத்தவேண்டும். எம் மாணவனும் 2022இல் முதலாளி மாறியபோது ஒரு தவணையைத் தவறவிட்டுப் பிந்திக் கட்டியதாக எழுதியிருக்கின்றான். இரண்டாண்டுச் சான்றே கேட்கப்படுவதால் 2030இல் அது குறுக்கே நிற்காது என்று நம்பலாம். இனி ஒன்று தவறக்கூடாது.

முகவரி மாறினால் 14 நாளுக்குள் அறிவிக்கவேண்டும். முதலாளி மாறினாலும் 14 நாள். உரிய காரணமின்றி மூன்று திங்கள் அத்தொழிலைச் செய்யாதிருந்தால் தகுதியே பறிபோகலாம். விண்ணப்பிக்கும் காலத்தில் தம் வகைக்குரிய மிக நீண்ட தங்குகாலத்தைப் பெற்றிருத்தலையும் வழிகாட்டி எதிர்பார்க்கின்றது. ‘கைகோ’ வகையில் அது ஐந்தாண்டு வரை உண்டு. யப்பானியர் ஒருவரோ நிரந்தர வதிவிடம் பெற்றவர் ஒருவரோ பிணை எழுதித் தரவேண்டும். அப்பிணை பணப்பொறுப்பன்று, இவரை நான் அறிவேன், சட்டத்தை மதித்து நடக்கத் துணை நிற்பேன் என்னும் வாக்குறுதியே. பல்லாண்டு வாழ்ந்தும் அவ்வாறு சொல்ல ஒருவரைத் தேடிக்கொள்ளாதவர் அந்நேரத்தில் இடர்ப்படுவர். எம் மாணவனுக்கு அக்குறை இராது. அவன் பராமரித்து மறைந்த மூதாட்டி ஒருவரின் மகள், ஆண்டுப் பிறப்புத்தோறும் அவனுக்கு அரிசி மாப் பலகாரம் கொண்டுவந்து கொடுக்கின்றாளாம்.

ஓய்வூதியத்தைப்பற்றி ஒரு வார்த்தை. நாடு திரும்புவோர் தாம் செலுத்தியதில் ஒரு பகுதியைக் கூடியது ஐந்தாண்டுக் கணக்குவரை மொத்தமாக மீளப் பெறலாம். பெற்றால், அந்த ஆண்டுகள் ஓய்வூதியப் பதிவிலிருந்து அழிந்துபோம். பத்து ஆண்டு செலுத்தியவருக்கே அந்நாட்டில் முதுமைக்கால ஓய்வூதியம். 2017க்கு முன் அது 25 ஆண்டாக இருந்தது. எம் மாணவனோடு சென்றோரிற் சிலர் மூன்றாம் ஆண்டு முடிவில் ஊர் திரும்பி அப்பணத்தைப் பெற்று வீட்டுக்கு ஓடு மாற்றினர். ஒருவர் முச்சக்கர வண்டி வாங்கினார். அது பிழையன்று. தங்கப்போகிறவன் செய்யக்கூடாதது அது என்பதே செய்தி.

இத்தனையும் முடிந்து அந்த உரிமை கிடைத்தால் என்ன பயன் என்று மருமகள் கேட்டாளாம். தங்குகாலத்தைப் புதுப்பிக்கவேண்டா, எந்தத் தொழிலும் செய்யலாம், கடவுச்சீட்டு இலங்கையதாகவே இருக்கும். அட்டையை மட்டும் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். வாக்குரிமை இல்லை. ‘நிரந்தரம்’ என்ற சொல்லையும் அளவோடு நம்பவேண்டும்: வேண்டுமென்றே வரியும் காப்புறுதியும் செலுத்தாதிருப்பவரிடமிருந்து அவ்வுரிமையை மீளப் பெறுவதற்கு வழிசெய்யும் திருத்தம் 2024இல் நிறைவேறியது. இவ்விதிகள் ஆண்டுக்காண்டு மாறுகின்ற இயல்பின. விண்ணப்பக் கட்டணம்கூட 2025 ஏப்ரலில் 8,000 யென்னிலிருந்து 10,000 ஆயிற்று. ஆகையால் 2030இல் விண்ணப்பிக்கிறவர் 2030ஆம் ஆண்டு வழிகாட்டியையே பார்க்கவேண்டும். இந்தப் பத்தியை அன்று.

இப்பொழுது எமது பங்கைச் சொல்லவேண்டும்.

‘தொடர்ந்து வதிதல்’ என்ற சொற்றொடரை நாம் முதன்முதலிற் கேட்டது யப்பானைப்பற்றி அன்று. எமது ஆசிரியர் ஒருவர் மலையகத்திற் கற்பித்தவர். 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தை அவர் வகுப்பிலே கதைபோலச் சொல்லுவார். 1946 ஜனவரி முதலாந் தேதிக்கு முன், மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடையறாது வதிந்ததை நிறுவவேண்டும். ஒருமுறை பன்னிரண்டு திங்களுக்கு மேற்பட வெளியே சென்றவருக்குத் தொடர்பு அறுந்தது. தேயிலைத் தோட்டத்து லயன் அறையில் ஆண்டுக்கணக்கு நிறுவும் காகிதம் எங்கே இருக்கும்? எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு. இறந்த தந்தையைப் பார்க்க இந்தியா போனவன் நாடற்றவனாய்த் திரும்பினான் என்று எமது ஆசிரியர் கதையை முடிக்கும்போது வகுப்பிலே மூச்சுவிடும் ஓசையும் கேளாது.

அந்தக் கதை எம்முள்ளே ஆழப் பதிந்து கிடந்தது. 2023ஆம் ஆண்டு மாசியில் எம் மாணவனின் தாயார் காலமானார். செய்தி கேட்டுப் புறப்பட்டவன், தகனம் முடிந்த மறுநாளே வந்து சேர்ந்தான். எட்டுச் செலவுக்கு முதல் நாள் எமது விறாந்தையில் வந்து அமர்ந்து, “சேர், அந்தியேட்டி மட்டும் நிண்டால் என்ரை வருசக் கணக்கு அறுந்துபோகுமோ?” என்று கேட்டான். முதியோர் இல்லத்தார் நாற்பது நாள் விடுப்புக் கொடுத்திருந்தனர். நாம் எந்தச் சட்டத்தையும் பார்க்கவில்லை, எவரையும் கேட்கவில்லை. கேட்ட கதையின் நிழல் மனத்தில் நிற்க, “நாளைக் கூட்டாதே, தம்பி. இருபது நாளைத் தாண்டினால் ஆபத்து என்று கேள்வி” என்று சொன்னோம். ‘என்று கேள்வி’ என்ற ஒட்டுச்சொல் எம்மை ஒன்றிலிருந்தும் விடுவிக்காது. சொன்னவர் ஆசிரியர், கேட்டவன் மாணவன். அவன் எட்டுச் செலவு முடிந்ததும் விமானம் ஏறினான். முப்பத்தோராம் நாள் கீரிமலையிலே மூத்த மகன் செய்யவேண்டிய கருமத்தைப் பெரியவரின் தம்பி மகன் செய்தான். ஊரார் பேசினர். பெரியவர் பேசவில்லை.

மகனுடைய கடிதத்தை விளக்குவதற்காக அந்த வைகாசி மாலையில் வழிகாட்டியை வரிவரியாகப் படித்தபோதுதான் எமது பிழை எமக்கே தெரிந்தது. மீள்வருகை அனுமதியோடு தாய்க்குக் கருமம் செய்ய ஒரு திங்கள் வந்துபோவதால் வதிவு அறாது. ஆண்டின் பெரும்பகுதியை வெளியே கழிப்பவர்க்கும், அனுமதியின்றியே நாட்டைவிட்டுப் போனவர்க்கும் உள்ள கதை வேறு. அவன் அந்தியேட்டிக்கு நின்றிருக்கலாம். நின்று, அதன்பின் ஒரு கிழமை தகப்பனோடு இருந்திருக்கவும் கூடும்.

சொல்லாமலே விட்டிருக்கலாம். பெரியவருக்குத் தெரிய வழியில்லை; மகனும் எம்மைக் காட்டிக்கொடுத்திருக்கவில்லை. விடைத்தாள் கட்டுக்கு மேலிருந்த சிவப்பு மைப் பேனாவை மூடி வைத்துவிட்டு, நடந்ததை நடந்தபடி அவரிடம் சொன்னோம்.

பெரியவர் நெடுநேரம் முற்றத்து முருங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அப்ப அவன் போனது வேலைக்குப் பயந்தில்லை” என்றார்.

“இல்லை. எம் சொல்லைக் கேட்டு.”

“வாத்தியார் சொல்லைக் கேக்கிற பிள்ளைதான்” என்றார். அது வசையா வாழ்த்தா என்று எமக்கு இன்றும் தெரியாது. கொப்பியை எம் பக்கமாகத் தள்ளினார். “மருமேளும் பிள்ளையும் போக என்னென்ன வேணும் எண்டு எழுதுங்கோ.”

எழுதினோம். விவாகப் பதிவுச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், இரண்டுக்கும் யப்பானிய மொழிபெயர்ப்பு. கணவன் தன் வரிச் சான்றையும் வேலைச் சான்றையும் இணைத்து அங்குள்ள குடிவரவு நிருவாகத்தில் தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவேண்டும். அது கிடைத்த மூன்று திங்களுக்குள் இவர்கள் விசாப் பெற்று அங்கே போய்ச் சேரவேண்டும். குடும்பத் தகுதியிற் சென்ற மனைவி தனி அனுமதி பெற்றுக் கிழமைக்கு 28 மணித்தியாலம்வரை வேலை செய்யலாம். பிள்ளைக்கு ஏழு வயது. அரசாங்கப் பாடசாலையிற் கட்டணமின்றிச் சேர்ப்பர், ஆனால் பிறநாட்டுப் பிள்ளையைக் கட்டாயமாகத் தேடிவந்து சேர்ப்பதில்லை, நகரசபையிற் கேட்கவேண்டும். அங்கே பள்ளியாண்டு ஏப்ரலிலே தொடங்குவதால் அதற்கு முன் போவது நன்று. தமிழ் அரிச்சுவடி ஒன்றைப் பெட்டியில் வைக்கும்படி நாமாகவே ஒரு வரி சேர்த்து எழுதினோம்.

பெரியவர் பட்டியலை விரலால் தொட்டுத் தொட்டு இறுதிவரை வாசித்தார். பின்னர், மிகவும் மெதுவாக, “இதுக்குள்ளை எனக்கு ஏதும் காகிதம் இருக்கோ?” என்று கேட்டார்.

இல்லை என்றே சொல்லவேண்டியிருந்தது. குடும்பம் என்று அச்சட்டம் சொல்லுவது மனைவியையும் மக்களையும் மட்டுமே. அவன் நிரந்தர வதிவிடம் பெற்ற பின்னரும் பெற்றோருக்கென்று பொதுவான வழியொன்று அதில் இல்லை. பார்வையாளராக, ஒருமுறைக்குக் கூடியது தொண்ணூறு நாள் போய்வரலாம் என்றோம்.

“தொண்ணூறு நாள்” என்று அவர் தமக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். கொப்பியை நான்காய் மடித்து மடியிற் செருகிக்கொண்டு எழுந்தார். படலைவரை கூடச் சென்றோம். வண்டியை நிமிர்த்திக்கொண்டே, “ஒரு வெங்காயப் போகம் போகும், மாஸ்ரர். போனால் போகட்டும். காணியை ஆருக்கும் குத்தகைக்குக் குடுக்கலாம்” என்று சொல்லி, இருட்டுமுன் வீடு சேர விரைந்து மிதித்தார்.